சங்கராபரணிக் கரையின் சிலிக்கா: தளவிளைவு ஒளியில் ஒரு வாசிப்பு

திருவக்கரைக் கல்மரத்தின் ஒரு சில்லு, அரிக்கமேட்டுச் சூதுபவள மணி, அதே மேட்டில் கிடைத்த கண்ணாடி மணி, சங்கராபரணி ஆற்றில் அள்ளிய ஒரு கை மணல், ஒரு பழைய பானை ஓடு. இந்த ஐந்தையும் வேதியியல் ஆய்வகத்தில் கொடுத்தால், ஐந்து அறிக்கைகளிலும் முதலிடத்தில் ஒரே பெயர்தான் வரும்: சிலிக்கா. கல்மரமும் சூதுபவளமும் ஏறக்குறைய முழுக்க முழுக்க அதுதான். கண்ணாடியிலும் ஓட்டிலும் பாதிக்கு மேல் அதுதான். அறிக்கையில் பிழை ஏதுமில்லை. ஆனால் ஒன்று மரமாக நின்றது, ஒன்று உலையில் உருகியது, ஒன்று மலையடியில் நசுங்கியது என்பதெல்லாம் அதில் இருக்காது. சிலிக்கனும் ஆக்சிஜனும் எவ்வளவு என்பதைவிட அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் இந்தப் பொருள்களின் கடந்தகாலம் இருக்கிறது. அடுக்கைப் படிப்பதற்கு நம்மிடம் உள்ள கருவிகளில் பழையது, மலிவானது, இன்றும் சலிக்காதது தளவிளைவு நுண்ணோக்கி. புதுச்சேரியைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் அதற்கு இவ்வளவு வேலை இருப்பது இப்பகுதியின் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன்.

கருவியின் தத்துவம் எளிது. சாதாரண ஒளி, தான் செல்லும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கமும் அதிர்கிறது. போலராய்டுத் தகடு அதில் ஒரே தளத்தில் அதிர்வதை மட்டும் வெளியே விடும். அதற்கு மேல் இன்னொரு தகட்டைக் குறுக்காக வைத்தால் எதுவும் வராது, கண்ணுக்கு இருட்டுத்தான். நுண்ணோக்கியின் மேடைக்குக் கீழே ஒரு தகடு, மேலே ஒரு தகடு, நடுவில் ஆய்வுப் பொருள். அந்தப் பொருள் கண்ணாடியாக இருந்தால் இருட்டு அப்படியே நீடிக்கும், ஏனென்றால் கண்ணாடிக்குள் எத்திசையில் போனாலும் ஒளிக்கு ஒரே வேகம். குவார்ட்ஸாக இருந்தால் கதை வேறு. படிகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. வெளியே வரும்போது ஒன்று சற்றுப் பின்தங்கியிருக்கும். மேல் தகட்டில் இரண்டும் மறுபடி கூடும்போது வெள்ளொளியின் சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. இருட்டில் நிறம் பிறக்கிறது. மேடையைச் சுழற்றினால் ஒவ்வொரு படிகமும் முழுச் சுற்றில் நான்கு முறை அணைந்து நான்கு முறை ஒளிர்கிறது.

இரட்டை ஒளிவிலகலை எராஸ்மஸ் பார்த்தோலின் 1669-இலேயே ஐஸ்லாந்துச் சுண்ணாம்புப் படிகத்தில் கண்டு எழுதிவிட்டார். ஆனால் அதன் உட்பொருள் பிடிபட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1808-இல் பாரிஸில் எத்தியேன் லூயி மாலுஸ், லக்சம்பர்க் மாளிகையின் ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை அப்படியொரு படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கி மற்றது வலுத்தது. ஒளி கண்ணாடியில் பட்டுத் தெறித்தாலே தளவிளைவு அடைகிறது என்று அவர் கண்டுகொண்டது அப்போதுதான். பிறகு 1828-இல் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் நிக்கல், அதே ஐஸ்லாந்துப் படிகத்தை வெட்டி ஒட்டி, பிரிந்த கதிர்களில் ஒன்றை மட்டும் வெளியே விடும் பட்டகம் செய்தார். போலராய்டு வரும்வரை ஒரு நூற்றாண்டுக் காலம் நுண்ணோக்கிகளில் இருந்தது நிக்கல் பட்டகம்தான்.

இந்த நிக்கலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கல்லாகிப்போன மரங்களை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டும் கலையை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். 1831-இல் ஹென்றி விதம் வெளியிட்ட தொல்தாவர நூல் அந்தச் சீவல்களை நம்பி எழுந்தது. பட்டகமும் சீவலும் ஒரே மனிதரின் மேசையில் கிடந்தன. இரண்டையும் சேர்த்துப் பாறைகளை முறையாகப் படித்த பெருமை மட்டும் அடுத்த தலைமுறையின் ஹென்றி கிளிஃப்டன் சார்பிக்குப் போயிற்று.  ஆகவே இன்று உலகெங்கும் பாறையியல் மாணவர் கையில் இருக்கும் ‘தின் செக்‌ஷன்’ முதலில் பாறைக்காகப் பிறந்ததல்ல, கல்மரத்துக்காகப் பிறந்தது. திருவக்கரையைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் கொண்ட ஆற்றின் கரையில் இருக்கிறது திருவக்கரை. வக்கிரகாளியம்மன் சன்னதிக்குப் பெயர்போன சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் சிறு பங்குகூடக் கல்மரப் பூங்காவுக்குள் நுழைவதில்லை. வக்கிராசுரனை வதம் செய்தபோது சிதறிய எலும்புகள்தாம் இந்தக் கற்கள் என்பது ஊர்க்கதை. உடைந்த தண்டுகள் பாதி மண்ணில் புதைந்து கிடப்பதைப் பார்த்தால் அந்தக் கற்பனையைக் குறை சொல்லத் தோன்றாது. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-இல் இவற்றை முதலில் பதிவு செய்தார் என்பது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தரும் செய்தி. புவியியலில் இவை கடலூர் மணற்கல் அடுக்கைச் சேர்ந்தவை; வயது சுமார் 2 கோடி ஆண்டு என்கிறார்கள். வேரும் இல்லை, கிளையும் இல்லை, பட்டையும் இல்லை. இங்கே முளைத்து நின்ற காடு அல்ல, பெருவெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக் கொண்டுவந்து மணலில் புதைத்த தண்டுகள் என்று கொள்வதற்கு அதுவே காரணம்.

இவை என்ன மரங்கள் என்ற கேள்விக்கு விடை தேட, சீவலைச் சாதாரண ஒளியில் பார்த்தால் போதும். குறுக்கே ஒன்று, ஆரப்போக்கில் ஒன்று, தொடுகோட்டுப் போக்கில் ஒன்று என மூன்று வெட்டுகள் வேண்டும். நீர்க்குழாய்கள் எத்தனை, தனித்தனியா கூட்டாகவா, கதிர்கள் எத்தனை செல் அகலம், குழாயைச் சுற்றிப் பாரன்கைமா எப்படிச் சூழ்ந்திருக்கிறது என்றெல்லாம் எண்ணி, இன்றைய மரங்களோடு ஒப்பிட வேண்டும். செல் கொள்கையால் புகழ்பெற்ற ஜெர்மானியர் ஷ்லைடன் 1855-இலேயே இப்பகுதிக் கல்மரம் ஒன்றுக்குப் பெயர் சூட்டினார். பீர்பல் சாஹ்னி 1931-இல் அதை மறுபடி ஆராய்ந்து மெசெம்பிரியாக்சிலான் என்ற ஊசியிலைப் பேரினத்தில் சேர்த்தார். பிறகு வந்தவர்கள் மருதமும் தான்றியும் அடங்கிய குடும்பம், புளி சேர்ந்த குடும்பம், டிப்டெரோகார்ப் என்னும் குங்கிலிய மரக் குடும்பம் என்று பலவற்றை அடையாளம் கண்டனர். டிப்டெரோகார்ப் பெருமரங்களைத் தமிழர் இன்று பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுக்குத்தான் போகவேண்டும். வானூர் வெயிலில் நின்றுகொண்டு அதை எண்ணிப் பார்ப்பது சுவையானது.

தாவரவியலாளர் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். மரம் எப்படிக் கல்லாயிற்று என்று கேட்பவர்தான் மேல் தகட்டைக் குறுக்கே தள்ள வேண்டும். தள்ளியவுடன் மரம் மறைந்துவிடும். ஒரு நொடி முன்புவரை தெளிவாகத் தெரிந்த குழாயும் கதிரும் கரைந்து, சாம்பலும் வெள்ளையுமான படிகத் துகள்கள் அந்த இடத்தை நிரப்பும். மாணவர்கள் முதல்முறை பார்க்கும்போது ஏமாற்றம் அடைவதுண்டு. நான் சொல்வேன், சுவையான பாதி இனிமேல்தான்.

அந்தச் சாம்பல் நிறமே ஒரு அளவுகோல். பாறைச் சீவலின் வழக்கமான கனம் 0.03 மில்லிமீட்டர். குவார்ட்ஸில் பிரியும் இரு கதிர்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு அதிகபட்சம் 0.009. இரண்டையும் பெருக்கினால் ஒளி பின்தங்கும் தொலைவு 270 நானோமீட்டர், அதாவது சாம்பலிலிருந்து வெள்ளை வழியாக இளமஞ்சளின் விளிம்புவரை. சீவல் தேய்ப்பவர் குவார்ட்ஸைப் பார்த்துக்கொண்டே தேய்ப்பது இதனால்தான்: மஞ்சளும் சிவப்பும் தெரிந்தால் இன்னும் கனம், கார்போரண்டம் பொடியில் இன்னும் சில சுற்று. நிறத்தையும் கனத்தையும் இணைக்கும் வண்ண அட்டவணையை 1888-இல் உலகுக்குக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர் மிஷேல் லெவி. இன்றும் எல்லாப் பாறையியல் ஆய்வகச் சுவரிலும் அது தொங்குகிறது. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட்டுக்கு இந்த வேறுபாடு 0.172. அதே கனத்தில் நிறங்கள் அடுக்கடுக்காகக் கலந்து, முத்தின் வெண்மையாய் வெளிறிப் போகும். திருவக்கரைக்கும் புதுவைக்கும் நடுவே வழுதாவூர், துருவைப் பக்கங்களில் பழங்கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவுகள் உண்டு. அந்தச் சிப்பிக்கல்லையும் இந்த மரக்கல்லையும் மாற்றிப் பிடிக்கவே முடியாது.

சிலிக்காவாகிய மரங்களைப் பொதுவாகப் பார்த்தால், மேல் தகட்டின் கீழே மூன்று நான்கு வகைச் சிலிக்கா ஒரே சீவலில் தெரியும். செல்சுவர் இருந்த இடத்தில் மிக நுண்ணிய துகள். செல்லின் வெற்றிடத்தில், சுவரிலிருந்து உள்நோக்கி விசிறி மடிப்புபோல் விரியும் இழை இழையான சால்செடொனி. பெரிய குழாய்களின் நடுவில், இடம் தாராளமாகக் கிடைத்ததால் நிதானமாக வளர்ந்த பெரிய குவார்ட்ஸ் படிகம். சில மரங்களில் எப்போதும் இருட்டாகவே நிற்கும் ஓப்பலும் எஞ்சியிருக்கும். எது எதன்மேல் படிந்திருக்கிறது என்று பார்த்தால் வரிசை கிடைக்கிறது: சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் முதலில் சுவரில் ஊறியது, பிறகு அறையை ஓரத்திலிருந்து நிரப்பியது, கடைசியில் நடுத்துளையை அடைத்தது. வட்டமாக விரிந்த இழைக்கொத்தின் மேல் ஒரு கருஞ்சிலுவை தெரியும். மேடையைச் சுழற்றினாலும் சிலுவை அசையாது, ஏனென்றால் எந்தக் கோணத்திலும் சில இழைகள் தகடுகளுக்கு நேராக இருந்தே தீரும்.

இன்னும் ஒரு படி போகலாம். நுண்ணோக்கிக் குழலில் உள்ள சிறு துளைக்குள் ஜிப்சம் தகடு ஒன்றைச் செருகினால் பின்னணி முழுவதும் செம்மை கலந்த ஊதாவாகும். வடகிழக்கு நோக்கிய இழைகள் மஞ்சளாக மாறினால் அது சாதாரணச் சால்செடொனி, அதில் வேகமான கதிர் இழையின் நீளப்போக்கில் அதிர்கிறது. நீலமானால் அது குவார்ட்சின் என்ற இன்னொரு வகை. இந்த வேறுபாட்டை வெறும் ஆய்வுக்கூடச் சங்கதி என்று ஒதுக்க முடியாது. 1971-இல் ஃபோக், பிட்மன் என்ற இரு அமெரிக்கர்கள், உப்பும் ஜிப்சமும் படிந்து பின்னர் கரைந்துபோன இடங்களில் இரண்டாவது வகை தலைகாட்டுகிறது என்று காட்டினார்கள். விதிவிலக்குகளும் பின்னர் வந்தன. எனினும் மஞ்சளா நீலமா என்ற ஒரு பார்வை, பழைய நீரின் தன்மையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. கல்மரத்தை ‘இன்ன குடும்பம், இன்ன பேரினம்’ என்று முடித்துவிடும் ஆய்வுரைகள் மீது எனக்குள்ள மனக்குறை இதுதான்: சீவல் கையில் இருக்கிறது, தகடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கனிமத்துக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

திருவக்கரையை விட்டு ஆறு கீழே இறங்குகிறது. அதன் மணலில் உள்ள குவார்ட்ஸ், நம் ஊர்ப்பக்கம் வெங்கச்சாங்கல் என்று சிறுவர்கள் பொறுக்குவதன் பொடி, மரத்தின் குவார்ட்ஸிலிருந்து வேறுபட்டது. மேடையைத் திருப்பினால் துகள் முழுவதும் ஒரே நேரத்தில் அணைவதில்லை; நிழல் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்கு அலையாக நகர்கிறது. பூமிக்குள் ஆழத்தில் அழுத்தத்தில் வளைந்துபோன படிகத்தின் அடையாளம் அது. ஆற்றின் மேற்பகுதியில் இருப்பவை பழமையான நைஸ், கிரானைட், சார்னோக்கைட் பாறைகள் என்பதோடு அது பொருந்துகிறது. சார்னோக்கைட்டும் இந்தக் கருவியின் குழந்தைதான். 1893-இல் தாமஸ் ஹாலண்ட், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அது சென்னைப் பக்கத்துப் பாறை என்று கண்டு அவர் பெயரையே வைத்தார். அதில் உள்ள ஹைப்பர்ஸ்தீன், கீழ்த் தகடு மட்டும் இருக்கும்போது மேடையைச் சுழற்றினால் இளஞ்சிவப்புக்கும் பச்சைக்கும் மாறி மாறிப் போகும். பல்லாவரத்துக் கருங்கல் ஜல்லியில் அப்படியொரு நிறவிளையாட்டு இருப்பதை வெறும் கண் ஒருபோதும் சொல்லாது.

ஆற்றின் ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறாகி, கடலைச் சேரும் முன் அரிக்கமேட்டைத் தொட்டுச் செல்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று இங்கே தோண்டியவர்கள் எல்லோருக்கும் மணிகள் கிடைத்தன. சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், பளிங்கு, கார்னெட், அவற்றோடு ஏராளமான சிறு கண்ணாடி மணிகள். மணியைச் சீவ முடியாது. அருங்காட்சியகம் விடாது, விடவும் கூடாது. ஆனால் நகைக்கல் சோதிப்பவர் மேசையில் இருக்கும் போலரிஸ்கோப்புக்கு மணி முழுசாக இருந்தாலே போதும். குறுக்கிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்துத் திருப்ப வேண்டும். பளிங்கு மணி அணைந்து அணைந்து ஒளிரும். சூதுபவளம் எந்தக் கோணத்திலும் அணையாமல் மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும், அதன் நுண்ணிழைகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால். கண்ணாடி இருட்டாக நிற்கும். கார்னெட்டும் இருட்டாகவே நிற்கும், அதன் படிக அடுக்கு எல்லாத் திசைக்கும் சமமானது என்பதால். ஆகவே சிவப்பு மணி ஒன்று இருட்டாக இருந்தால் அது கண்ணாடியா கார்னெட்டா என்ற கேள்வி மிச்சமிருக்கும். அடர்த்தியையோ ஒளிவிலகல் எண்ணையோ பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

இதில் ஒரு வலையும் இருக்கிறது. உலையிலிருந்து எடுத்த கண்ணாடியை மெதுவாக ஆறவிடாவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும்; அந்த இறுக்கம் போலியான இரட்டை ஒளிவிலகலை உண்டாக்கி, இருட்டில் சாம்பல் பட்டைகளாகத் தெரியும். அவசரக்காரர் அதைப் படிகம் என்று எழுதிவிடுவார். நிதானமாகப் பார்ப்பவருக்கு அந்தப் பட்டையே ஒரு செய்தி. அரிக்கமேட்டின் சிறு மணிகள் உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனை மழுக்கிச் செய்தவை. இழுத்த போக்கிலேயே நீண்டு கிடக்கும் குமிழிகளையும் இறுக்கப் பட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால், கண்ணாடி இழுக்கப்பட்ட திசையும் கடைசிச் சூடு எவ்வளவு தூரம் அதைத் தளர்த்தியது என்பதும் ஓரளவு தெரியவரும். சூதுபவளம் எந்த ஊர்க் கல் என்று மட்டும் இந்த ஒளி சொல்லாது. அதற்குச் சுவட்டுத் தனிமங்களை எண்ணும் கருவிகள் வேண்டும்.

பானை ஓட்டுக்கு வரும்போது தளவிளைவு நுண்ணோக்கி மறுபடி தன் முழு பலத்தோடு நிற்கிறது. வீலர் அரிக்கமேட்டுக்கு வந்ததே சென்னை அருங்காட்சியக அலமாரியில் கண்ட ஒரு ரோமானிய மதுச்சாடித் துண்டால்தான். அந்தச் சாடிகளில் ஏஜியன் கடலின் கோஸ் தீவுச் சரக்கும் உண்டு, இத்தாலியின் கம்பானியச் சரக்கும் உண்டு. கம்பானியச் சாடியின் களிமண்ணில் நேப்பிள்ஸ் வளைகுடாவின் கருமணல் கலந்திருக்கும். சீவலில் அது பச்சை கலந்த ஆகைட்டாக, சானிடினாக, இருட்டாகவே நிற்கும் எரிமலைக் கண்ணாடித் துணுக்காகப் பிரிந்து தெரியும். ஆகைட் மட்டும் இருந்தால் சாட்சி போதாது. தமிழ்நாட்டு டோலரைட் பாறைகளிலும் ஆகைட் உண்டு. மூன்றும் சேர்ந்து வந்தால் சங்கராபரணிப் படுகையில் அதற்கு இடமே இல்லை. இந்த ஆற்று மணலைக் கலந்து வனைந்த பானையில் அலைபோல் அணையும் குவார்ட்ஸும், பெல்ஸ்பாரும், ஹார்ன்பிளெண்டும், ஹைப்பர்ஸ்தீனும்தான் எதிர்பார்க்கத் தக்கவை.

சூட்டையும் படிக்கலாம். களிமண்ணின் தகட்டு வடிவக் கனிமங்கள் குறைந்த சூட்டில் சுட்ட ஓட்டில் உயிரோடு இருக்கும், மேடையைத் திருப்பினால் பின்னணி முழுவதும் மினுங்கும். சுமார் 800 முதல் 900 டிகிரிக்கு மேல் போனால் அவை உருக்குலைந்து கண்ணாடியாகத் தொடங்கும், மினுக்கம் செத்துவிடும். கால்சைட் துணுக்கு சேதமில்லாமல் இருந்தால் சூடு அவ்வளவு ஏறவில்லை என்று பொருள். உமி கலந்த மண்ணாக இருந்தால், உமி எரிந்த பள்ளத்தில் அதன் சிலிக்கா எலும்புக்கூடு இருட்டில் இருட்டாகக் கிடக்கும். நெல் தன் உடலில் சேர்ப்பது ஓப்பல் வகை, படிகமல்ல.

கைவிடும் இடமும் உண்டு. அரிக்கமேடு என்றதும் எல்லோரும் கேட்கும் ரௌலட்டட் ஓடு, உட்புறத்தில் சக்கரப் பல்லால் போட்ட வளையக் கோலம் கொண்ட அந்த வழவழப்பான தட்டு, மிக நன்றாக அரித்தெடுத்த களிமண்ணில் செய்தது. சீவினால் சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் துகள் கிடைக்காது. ஊரைக் காட்டிக்கொடுக்கும் கல்லே இல்லாத ஓட்டிடம் ஒளி என்ன கேட்கும்? விஷ்வாஸ் கோக்டே 1997-இல் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவைக் கொண்டு, இதன் களிமண் வங்காளத்தின் சந்திரகேதுகர்–தம்லுக் பகுதியைச் சேர்ந்தது என்று வாதிட்டார். விவாதம் தனிமப் பகுப்பாய்வுகளின் கைக்குப் போய்விட்டது, நியாயமாகத்தான். ஆனால் அந்த ஒரு பளபளப்பான ஓட்டின் மேலேயே எல்லோர் கண்ணும் இருப்பதால், அதே அடுக்குகளில் கூடை கூடையாகக் கிடைத்த முரட்டுச் சமையல் பானைகளுக்கும் சேமிப்புத் தாழிகளுக்கும் உரிய கவனம் போவதில்லை. மணல் மிகுந்த, துகள் பெருத்த, சீவலுக்கென்றே பிறந்த ஓடுகள் அவை. விளிம்பும் கோலமும் இல்லாத வெறும் உடல் ஓட்டில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டினால் காட்சிக்கு இழப்பில்லை. கூடவே அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து ஒன்று, வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணியிலிருந்து ஒன்று, பெண்ணையாற்றிலிருந்து ஒன்று என மணலைப் பிசினில் உறையவைத்துச் சீவி வைத்துக்கொண்டால், ஒப்பிடுவதற்கு ஒரு பெட்டி ஸ்லைடுகள் போதும்.